வேம்பு இருக்கட்டும், குல்மோகர் போகட்டும்

*ஐயா, வணக்கம். தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் சொந்த வீட்டில் நானும் என் மகனும் வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் முப்பது வயது வேப்பமரம் ஒன்று மாடியைத் தாண்டி உயர்ந்து நிற்கிறது. அதன் பெரிய கிளை ஒன்று பக்கத்து வீட்டு மொட்டைமாடியின் மேல் நீண்டிருக்கிறது. சருகு விழுந்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்வதாக அவர்கள் ஓயாமல் குறை சொல்கிறார்கள். வாசல் கேட் ஓரம், சுவருக்கு உள்ளே, ஒரு குல்மோகர் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் வாசலே சிவந்துவிடும். அதைத் தொட எனக்கு மனம் வராது. மரம் வெட்டுபவர் ஒருவர் வந்து பார்த்தார். மழைக்கு முன் வேம்பைப் பாதி உயரத்துக்கு மொட்டை அடித்துவிட்டால் புயலுக்குப் பயமில்லை என்றும், கட்டையை அவர் எடுத்துக்கொண்டு கூலியைக் குறைத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். தென்னையையும் குருத்தோடு நான்கு மட்டை மட்டும் விட்டுக் கழித்துவிடலாம் என்கிறார். மருதாணி வேலி கீழே வெறும் குச்சியாகவும் மேலே மட்டும் இலையாகவும் நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு டுரண்டா வைக்கலாமா? வர்தா புயலில் எங்கள் தெருவில் மரம் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து காற்று அடித்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.*
*— ஒரு வாசகி, செம்பாக்கம்*

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

படங்களைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தேன். நீங்கள் வேம்பைக் கண்டு பயப்படுகிறீர்கள், குல்மோகரை நேசிக்கிறீர்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. அந்த வேம்பு இருக்க வேண்டும். குல்மோகரைத்தான் மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். உங்கள் மனத்துக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

முதலில் வேம்பு. மொட்டை அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். உயரம் குறைந்தால் ஆபத்து குறையும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த மழைக்காலம் ஒன்றுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். அதற்குப் பின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இலை என்பது மரத்தின் சமையல்கூடம். அது மொத்தமாகப் போனதும் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்து, பட்டைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை எல்லாம் மரம் ஒரே நேரத்தில் தள்ளிவிடுகிறது. வெட்டிய ஒவ்வொரு முனையிலும் நீர்ப்போத்துகள், அதாவது வேகமாக நீளும் மெல்லிய தளிர்க்கிளைகள், கொத்துக் கொத்தாகக் கிளம்பும். ‘பார்த்தீர்களா, எப்படித் தழைத்துவிட்டது’ என்று வெட்டியவரே வந்து காட்டுவார். ஆனால் இயல்பாக வளர்ந்த கிளை, தண்டு பருக்கப் பருக்க அதன் மரக்கட்டைக்குள் பல அடுக்குகளாகப் பின்னிப் பிணைந்து வளர்ந்தது. இந்தப் போத்துகளுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அவை மேலடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு, சில ஆண்டுகளில் பழைய உயரத்தை எட்டிவிடும். அதற்குள் அவை நிற்கும் வெட்டுமுனை உள்ளே மக்கத் தொடங்கியிருக்கும். மக்கிய கட்டையின் மேல் கனத்த கிளைகள், அதுவும் முன்பைவிட நெருக்கமாக. புயலுக்குப் பயந்து மொட்டை அடித்த மரம்தான் பிற்பாடு புயலில் கிளை கிளையாக முறிந்து விழுகிறது. கீழேயும் பாதிப்பு உண்டு. மேலிருந்து உணவு வராததால் வேர்களில் ஒரு பகுதி பட்டுப்போகும். திடீரென்று வெயிலுக்கு வந்த பட்டை கத்திரி வெயிலில் வெந்து வெடிக்கும்.

மரம் காயத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பதை விளங்கவைத்தவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து, காயம் பட்ட இடத்திலிருந்து மக்கல் எந்த வழியில் பரவுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தார். 1977ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட விளக்கத்தை இன்றும் உலகம் முழுவதும் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் தொழிலில் இருப்பவர்கள் அடிப்படையாகக் கொள்கிறார்கள். நம் தோலில் காயம் பட்டால் அந்தத் திசுவே புதுப்பிக்கப்படுகிறது. மரத்தால் அது முடியாது. கெட்ட பகுதியை அப்படியே உள்ளே விட்டு, அதைச் சுற்றி அரண் எழுப்பி, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. காயம் சிறியதாகவும் சரியான இடத்திலும் இருந்தால் அரண் நிற்கும். கிளையை நடுவில் துண்டித்தால் அரண் எழுப்ப அங்கே எதுவும் இல்லை; மக்கல் தடையின்றிக் கீழே இறங்கும்.

சரியான இடம் எது? கிளை தண்டோடு சேரும் இடத்தில் சட்டைக் காலரைப் போல ஒரு தடிப்பு சுற்றிக்கொண்டிருக்கும். வேம்பில் அது நன்றாகவே தெரியும். உங்கள் மூன்றாவது படத்தில் விரலால் தொட்டுக் காட்டலாம். அந்தத் தடிப்பு தண்டுக்குச் சொந்தமானது. அதை வெட்டக் கூடாது. அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டி மழுங்கச் சீவுவதும் தவறு, ஒரு முழம் குச்சியை நீட்டிக்கொண்டு விடுவதும் தவறு. கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கவும் கூடாது. பாதி அறுபடும்போதே அதன் பாரம் தண்டின் பட்டையைக் கீழ்வரை கிழித்துக்கொண்டு போய்விடும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாகப் பிரிந்து விழும். மிஞ்சிய குட்டைக் கட்டையைக் கடைசியாகத் தடிப்பின் ஓரத்தில் எடுக்க வேண்டும். இதெல்லாம் ரம்பத்தால் செய்ய வேண்டிய வேலை. அரிவாளால் கொத்திய முனை நார் நாராகப் பிளந்து நீரைக் குடிக்கும்.

உங்கள் வேம்புக்குத் தேவை இவ்வளவுதான்: காய்ந்த கிளைகளை எடுப்பது, ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் பலவீனமானதை எடுப்பது, பக்கத்து வீட்டுப் பக்கம் நீண்ட கிளையைக் குறுக்குவது. அந்தக் கிளையை அடியோடு எடுக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது தொடைப் பருமன் இருக்கிறது. தண்டில் அவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்கினால் அதை மூட மரத்துக்கு நெடுங்காலம் ஆகும். சுவருக்கு நேராகக் கோடு போட்டதுபோல் துண்டிக்கவும் கூடாது. கிளையின் மேல் உட்புறமாக, உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து வளரும் ஒரு பக்கக்கிளை படத்தில் தெரிகிறது. அதற்கு அடுத்த இடத்தில் வெட்ட வேண்டும். விட்டுவைக்கும் பக்கக்கிளை, வெட்டும் பகுதியின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அப்போதுதான் அது பொறுப்பை ஏற்றுக்கொண்டு வளரும், நீர்ப்போத்து கிளம்பாது. பச்சையாக இருக்கும் கிளைகளில் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் எந்த மரத்திலும் எடுக்கக் கூடாது. முப்பது வயது மரத்துக்கு அதில் பாதியே போதும்.

வேலையாட்களிடம் இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். கைக்கு எட்டுகிற உள்கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் வைத்ததுபோல் இலையை விட்டுவிடுவார்கள். மரம் வெளிச்சமாகத் தெரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் பாரம் முழுவதும் நுனிக்குப் போய்விடுவதால், காற்றில் கிளை முறிய அதைவிட நல்ல வழி இல்லை. உள்கிளைகள் இருக்கட்டும்.

வெட்டிய இடத்தில் தார் பூசச் சொல்வார்கள். சிலர் சாணம் அப்புவார்கள். வேம்புக்கு இரண்டும் வேண்டாம். தார் மக்கலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கிறது. சரியான இடத்தில் வெட்டிய காயத்தைக் காற்றில் உலர விடுவதே நல்லது. மா போன்ற பழமரங்களில் வெட்டுமுனையில் போர்டோ பசை தடவுவது வேறு விஷயம். அது பூஞ்சைக்கு எதிரான மருந்து.

நுனிகள் சில கருகியிருப்பதைக் காட்டி, மரமே பட்டுக்கொண்டிருக்கிறது என்று மரம் வெட்டுபவர் சொன்னால் நம்பாதீர்கள். வேம்பில் நுனிக்கருகல் அடிக்கடி வருவது. தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாறு உறிஞ்சுவதாலும் பூஞ்சையாலும் மழை, பனிக் காலங்களில் கொழுந்து கருகும். பங்குனியில் பெரும்பாலான மரங்கள் மறுபடியும் துளிர்த்துவிடும். சந்தேகம் இருந்தால் சின்னக் கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கருகிப்போயிற்றென்று அவசரப்பட்டு வெட்டிய எத்தனையோ வேம்புகளின் அடிக்கட்டை அடுத்த கோடையில் துளிர்ப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

வேம்பில் எனக்குக் கவலை தருவது மேலே இல்லை, கீழே இருக்கிறது. முற்றத்துச் சிமெண்ட் தளம் தண்டை நெரிக்கும் அளவுக்கு ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் இருக்கிறது. அதற்கு மழைநீரும் காற்றும் வேண்டும். தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது மூன்றடிக்குத் தளத்தை உடைத்து எடுத்துவிடுங்கள். கடப்பாரையால் வேரைக் குத்தாமல் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். திறந்த மண்ணில் வேப்பஞ்சருகையே மூடாக்காகப் போடலாம். தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். கூலி கொடுத்துக் கிளை கழிப்பதைவிட இந்த ஒரு வேலை உங்கள் மரத்துக்கு அதிக நன்மை செய்யும்.

பக்கத்து வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வேம்பு சருகு உதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில். அவர்கள் மாடியின் நீர்வாய்களுக்குக் கூடைபோல் வளைத்த கம்பிவலையை உங்கள் செலவில் மாட்டிக் கொடுங்கள். கிளையும் குறுகிவிட்டால் பேச்சு தணியும்.

இனி குல்மோகர். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். நிழலும் பூவும் தருவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டை மென்மையானது, வேர் மேலோட்டமானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது சென்னையில் விழுந்தவற்றில் குல்மோகரும் மஞ்சள் பூ பூக்கும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் நிறைய இருந்தன. தெருவுக்கும் வடிகால் சுவருக்கும் நடுவே வேர் ஓட இடமின்றி நின்ற மரங்கள் வேர்த்தட்டோடு பெயர்ந்து கிடந்தன. அவற்றில் பல பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று இருந்தவை.

இருந்தாலும், இனத்தை மட்டும் வைத்து ஒரு மரத்தைத் தள்ளிவிட மாட்டேன். உங்கள் மரத்தில் மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்கின்றன. அடித்தண்டில், தரையை ஒட்டி, பழுப்பு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் இருக்கிறது. அது வெளியே தெரிகிறது என்றால் உள்ளே மக்கல் நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, கேட் பக்கம் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தின் தடம் தண்டிலிருந்து இரண்டடி தூரத்தில் தெரிகிறது. தண்டின் குறுக்களவைப் போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் வேர் அறுபட்டால், மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேர்களே அந்தப் பக்கம் போய்விட்டன என்று கொள்ள வேண்டும். மூன்றாவது அடையாளம்தான் என்னை இந்த அளவுக்கு அழுத்திச் சொல்ல வைக்கிறது: பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் மண் மேலெழும்பி, பிறைவடிவில் விரிசல் விட்டிருக்கிறது. சிறுவயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் தண்டை வளைத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். அடி முதல் நுனி வரை நேராகச் சாய்ந்து, மண்ணும் வெடித்திருந்தால் அது புதிய சாய்வு. உங்கள் மரம் சாய்வது வாசலை நோக்கி. உங்கள் மகன் வண்டி எடுக்கும் இடம் அது.

மரத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரை நேரில் அழைத்து, மரச்சுத்தியலால் அடித்தண்டைச் சுற்றிலும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் காண முடியாததை அந்த ஓசை சொல்லிவிடும். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். மண் ஊறிவிட்டால் இப்போது இருக்கும் பிடிப்பும் தளரும்.

இந்த மரத்தின் மேல் யாரையும் ஏறவிடாதீர்கள். அடி மக்கிய மரத்தில் ஏறி, மேலே வெட்டும் ஒவ்வொரு கிளையும் விழும்போது மரம் குலுங்கும்; ஏறியவரோடு சேர்ந்து சாயவும் கூடும். தூக்கு மேடை உள்ள வண்டியை வாடகைக்கு எடுத்து, அதில் நின்றபடி நுனியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். செலவு கூடுதல்தான்; அதில் பேரம் பேச வேண்டாம். கேட்டுக்கு மேலே மின்கம்பி போகிறது. மின்வாரியத்தின் உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வேலை முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். இந்தத் தொழிலில் மின்கம்பியால் போன உயிர்கள் ஏராளம். அவர்கள் பெரும்பாலும் காப்பீடோ தலைக்கவசமோ இல்லாமல் வேலை செய்த கூலித் தொழிலாளிகள்.

மரம் உங்கள் சுவருக்கு உள்ளே இருப்பதால் முடிவு உங்களுடையது. சுவருக்கு வெளியே தெருவில் இருந்திருந்தால் அது தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பு. ஒரு கிளையைக்கூட நாமாக வெட்டக் கூடாது. பொது இடத்து மரங்களை வெட்டும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க மாவட்ட அளவில் பசுமைக் குழு இருக்கிறது. சந்தன மரம் என்றால் வீட்டுத் தோட்டத்தில் இருந்தாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்து மரங்களுக்கும் பொருந்தும். இந்தப் பகுதியைப் படிக்கும் நீலகிரி, கொடைக்கானல் வாசகர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆளை அமர்த்தும் விதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டையை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைப்பதாக அவர் சொன்னது ஏமாற்று அல்ல. ஊரில் நெடுநாள் வழக்கம். ஆனால் அந்த ஏற்பாட்டில், எவ்வளவு அதிகம் வெட்டுகிறாரோ அவ்வளவு அவருக்கு வரவு. கொஞ்சமாக வெட்ட வேண்டிய வேம்பு வேலையை அப்படிப் பேசவே கூடாது. நாள்கூலியோ, முழு வேலைக்கு ஒரு தொகையோ பேசி, எந்தக் கிளை, எந்த இடத்தில் என்று சுண்ணாம்பால் குறித்துக் காட்டுங்கள். மரத்துண்டுகள் அவருக்கு என்பதைக் குல்மோகருக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கிளை தண்டோடு சேரும் இடத்துத் தடிப்பு எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். காட்டத் தெரிந்தவரானால் வேலை தெரிந்தவர். இருக்கப்போகும் மரத்தில் ஆணி முள் வைத்த காலணியோடு ஏறக் கூடாது. ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். ஏணியில் நின்றுகொண்டு இயந்திர ரம்பம் பிடிக்கவும் கூடாது. வேலை தொடங்கும் காலையில் கிளைகளில் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கிளையை மட்டும் பின்னால் எடுத்துக்கொள்ளலாம்.

தென்னையில் நான்கு மட்டை மட்டும் விடும் யோசனையை அப்படியே கைவிடுங்கள். நலமான தென்னையில் முப்பது மட்டைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலிருந்தும்தான் ஒரு பாளை வருகிறது; பச்சை மட்டையைக் கழித்தால் காய் குறையும். வெட்டிய பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். தவிர்க்க முடியாமல் பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நான்கடி, அதாவது 120 சென்டிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. காய்ந்த மட்டையையும் பன்னாடையையும் எடுத்து, முற்றிய காய்களை மழைக்கு முன் பறித்துவிட்டால் போதும்.

மருதாணியைப் பிடுங்க வேண்டாம். உங்கள் வேலி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்டப்பட்டு வந்திருக்கிறது. மேல் இலையே அடிப்பகுதிக்கு வெயில் போகாமல் மறைத்துவிட்டது. மருதாணி கடும் வெட்டைத் தாங்கும் செடி. ராஜஸ்தானின் சோஜத் பகுதியில் அதைத் தரையை ஒட்டி அறுத்து அறுத்துத்தான் பல ஆண்டுகள் இலை எடுக்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கும் சமயம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அடியில் மக்கிய எரு போடுங்கள். புதிய தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். ஒன்று இரண்டாகப் பிரியும். அதன் பிறகு எப்போது வேலிக் கத்தரியை எடுத்தாலும் அடி அகலம், மேல் குறுகல் என்ற வடிவத்தை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆழமாக வெட்டுவதைவிட, ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனி மட்டும் எடுப்பது வேலியை அடர்த்தியாக்கும். டுரண்டா பார்க்க அழகுதான். ஆனால் அதன் மஞ்சள் நிறப் பழம் நச்சுள்ளது. பேரக்குழந்தைகள் வந்து போகும் வீட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குல்மோகர் போன இடம் வெறிச்சென்று இருக்கும். அடிக்கட்டையையும் பெரிய வேர்களையும் முடிந்தவரை தோண்டி எடுத்துவிட்டு, அதே குழியில் இல்லாமல் ஆறேழு அடி தள்ளி, மின்கம்பிக்கு நேர்கீழாக வராத இடத்தில் ஒரு மகிழம் வையுங்கள். மெதுவாக வளரும், கட்டை உறுதியானது, ஆண்டு முழுவதும் இலை இருக்கும், உதிர்ந்த பூ காய்ந்த பின்னும் மணக்கும். நர்சரியில் கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பையைப் பிரித்து வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்ட வேரோடு அப்படியே நட்டால் மரம் பெரிதான பிறகும் அந்தச் சுருளிலேயே நிற்கும். காற்றில் சுழன்று விழும். வெளிச்சுற்று வேர்களைக் கூரான கத்தியால் மேலிருந்து கீழாக நான்கு இடங்களில் கீறிவிட்டு, பையில் இருந்த அதே மண்மட்டத்துக்கு நடுங்கள். முதல் மூன்று ஆண்டுகள் ஒரே நடுத்தண்டு மேலே போகும்படி போட்டித் தண்டுகளைக் கவாத்துக் கத்தரியால் எடுத்து வாருங்கள். விரல் பருமனில் இருக்கும்போது செய்யும் அந்த வேலைக்கு ஆள் வேண்டாம், ஏணி வேண்டாம், நீங்களே செய்துவிடலாம்.